இடது கைக்கு இரண்டு ஸ்பிரிங்

பெரம்பலூரில் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த அக்காவிடம் எதையும் வாயால் சொல்லி நம்ப வைக்க முடியாது. துணி காய்ந்துவிட்டதென்று நான் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தால், வழியில் நிறுத்தி மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இடுப்புப் பட்டி இன்னும் ஈரம் டீச்சரு, கொண்டு போயி போடு" என்பார். காய்ச்சலென்று படுத்திருந்தால், தெர்மாமீட்டர் காட்டிய கணக்கைக் காதில் வாங்கிக்கொண்டே நெற்றியில் புறங்கையை வைப்பார். எனக்கு வந்த வரன் ஒன்றின் போட்டோவைக் காட்டியபோதும், "போட்டோவத் தடவி என்னத்தத் தெரிஞ்சுக்கறது, ஆள வரச் சொல்லு" என்றார். வருகிற ஆளையும் தடவிப் பார்த்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

அவர் பார்த்த வேலை அப்படி. கால்நடைத் துறையில் ஆய்வாளர். அரியலூரைத் தாண்டி விக்கிரமங்கலம் பக்கத்துச் சில ஊர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அங்கே அவர் மாட்டு டாக்டரம்மா. "நான் டாக்டர் இல்லிங்க, இன்ஸ்பெக்டரு" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் மடித்துக் கட்டிய வேட்டிகள் எல்லாம் இறங்கிவிட, டாக்டரே தேவலாம் என்று விட்டுவிட்டாராம்.

மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் சினை ஊசி போடுவது, போட்ட ஊசி நின்றிருக்கிறதா என்று பிறகு கையை விட்டுப் பார்ப்பது, இவைதாம் அந்த வேலையில் பெரும்பகுதி. நீளமான பிளாஸ்டிக் உறையைத் தோள்வரை மாட்டிக்கொண்டு, இடது கையை மாட்டின் பின்புறம் வழியாக உள்ளே செலுத்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்று உண்டாம். சினை மூன்று மாதத்தைத் தாண்டியதும் அதில் ஓர் அதிர்வு ஓட ஆரம்பிக்கும். அது விரல் நுனிக்கு மட்டும் தெரியும். "செல்லு வைப்ரேஷன்ல இருந்தா தலகாணிக்கு அடில தெரியுமே, அந்த மாரி" என்று எனக்கு விளக்கினார். அன்று இரவு என் தலையணைக்கு அடியில் செல்போன் அதிர்ந்தபோது எனக்கு மாட்டு ஞாபகம் வந்து தூக்கம் போயிற்று.

நான் அப்போது அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலை பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று போய்க்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "எம் பின்னாடி உக்காந்து வா, பேச்சுத் தொணைக்கி ஆச்சு" என்று அவர்தான் கூப்பிட்டார். அவருடையது ஆண்கள் ஓட்டுகிற வண்டி. கறுப்பு நிறம், பெரிய டேங்க், பக்கவாட்டில் ஊசிக்கான விந்துக் குச்சிகளை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேன் தொங்கும். சுடிதாரில் ஒரு பெண் அதை ஓட்டிக்கொண்டு போவதைப் பெரம்பலூர் வேடிக்கை பார்த்து அலுத்துப் போய்விட்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என்னைத்தான் புதிதாகப் பார்த்தார்கள்.

அந்த ரோட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் போய்ப் போய்த் தார் இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி அமுங்கிக் கிடக்கும். நடுவில் ஒட்டு, ஒட்டின் மேல் ஒட்டு. புதிதாகப் போட்ட இடம் வழவழவென்று போகும், நாம் கொஞ்சம் அசந்திருக்கும்போது டொக்கென்று ஒரு குழி. மழை பெய்த ஒரு நாள் அப்படித் தண்ணீருக்குள் மறைந்திருந்த குழியில் இறங்கித்தான் அக்கா விழுந்தார். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அன்று நான் லீவு. இடது மணிக்கட்டு உடைந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள்.

எலும்பு கூடிவிட்டது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகுதான் வேறொன்று தெரிந்தது. அரியலூர் போய்ச் சேர்வதற்குள் இடது கை விரல்கள் மரத்துப் போய்விடும். வண்டியின் முன்பக்க ஷாக்கப்சர் குழியில் முழுதும் அமுங்கி அடியில் போய் இடிக்கும்போதெல்லாம் அந்த அடி ஹேண்டில்பார் வழியாக நேரே மணிக்கட்டுக்கு வரும். ஒரு மணி நேரம் கையை உதறிக்கொண்டே இருந்தால் மெதுவாக உணர்ச்சி திரும்பும். கத்துகிற மாடு ஒரு மணி நேரம் காத்திருக்குமா? ஆரம்பத்தில் அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடு பறக்கத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

விக்கிரமங்கலம் பக்கத்தில் ஓர் அம்மா. வீட்டுக்காரர் இல்லை, கொஞ்சம் நிலம், ஒரே ஒரு செவலைப் பசு. அந்தப் பசு கத்துகிறதென்று போன் வந்து அக்கா போனார். சினையாக இருக்கும்போதே சில மாடுகள் பருவத்துக்கு வந்த மாதிரி கத்தும், சினை மாட்டுக்கு ஊசி போட்டால் கன்று கலைந்துவிடும், அதனால் பார்க்காமல் போடக் கூடாது. அக்கா கையை விட்டுப் பார்த்தார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. காலி என்று சொல்லி ஊசியைப் போட்டுவிட்டு வந்தார். நாலைந்து நாளில் கன்று கலைந்து விழுந்தது. கை நீளம்கூட இல்லாத கன்று, உடம்பில் முடி முளைக்காதது.

அன்று மாலை வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். என்னக்கா என்றேன். "அந்தம்மா ஒரு வார்த்த திட்டுல டீச்சரு. 'பரவால்ல வுடும்மா, மாடுன்னா அப்படித்தான்'ன்னுச்சு. மாடு மேல என்ன தப்பு? தப்பு இங்க இருக்கு" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதற்கப்புறம் எந்த ஊரில் கூப்பிட்டாலும், "எங்கை இப்பச் சரியில்லிங்க, சினை பாக்க வேற ஆளக் கூப்பிட்டுக்கங்க" என்று வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தார். மடிநோய்க்கு மருந்து கொடுப்பார், தடுப்பூசி போடுவார், மாட்டுக்குள் மட்டும் கை விடமாட்டார். ஊர்க்காரர்களும் தனியாக ஊசி போடுகிற ஆட்களுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அக்காவின் ஊர்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

நெய்வேலியில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரர் சனிக்கிழமை வருவார், ஞாயிறு போவார். தங்கமான மனிதர். "ஆபீஸ்ல உக்கார்ற வேலை தர்றேன்னுதானே சொல்றாங்க. வாங்கிக்கயேன். யாரு ஒன்ன என்ன சொல்லப் போறா?" என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே கேட்டது. "நான் சொல்லுவேன்ல" என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லோரும் ஸ்கூட்டி வாங்கச் சொன்னார்கள். அக்கா யாரிடமோ ஸ்கூட்டி ஒன்றை இரவல் வாங்கி அரியலூர் போய்த் திரும்பினார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். இறங்கியதும், "சக்கரம் சின்னது. நம்ம வண்டி தாண்டிப் போற குழில இது குடித்தனமே நடத்துது" என்றார். பஸ் அவர் போகிற கொட்டகைகளுக்குப் போகாது. டாக்டரிடம் காட்டியதற்கு, வண்டியை விட்டுவிடுங்கள், அதிர்ச்சி படாமல் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்றார். அக்கா அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டி, முன்பாதியைத் தூரப் போட்டுவிட்டுப் பின்பாதியை எடுத்துக்கொண்டார். அதிர்ச்சி படாமல் பார்த்துக்கொள்வது. வண்டியை விடாமலே.

குரும்பலூர் ரோட்டில் பாய் ஒருவரின் பட்டறை இருந்தது. அக்கா வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் அதைப் பார்த்து வந்தார்.

"பாய், முன்னாடி ரொம்பக் குனியுது. குழில எறங்குனா டொக்குன்னு கைல அடிக்கிது."

"அவ்ளோதானேம்மா? டைட் பண்ணிரலாம். நம்ம ஏரியா ரோட்டுக்கு டைட்டாத்தான் வெக்கணும்."

இது பாயின் கருத்து மட்டுமில்லை, எங்கள் ஜில்லாவின் கருத்து. எங்களுக்கு வண்டி என்றாலே மூட்டை ஏற்றுவதுதான். பால் கேன், தீவனப் புல் கட்டு, உர மூட்டை, மக்காச்சோள மூட்டை, அதற்கு மேல் ஒரு மச்சினன். அத்தனையையும் தாங்க வேண்டுமென்று எல்லா வண்டியையும் இறுக்கி இறுக்கியே பழகிய ஊர் இது. இறுக்கமாக இருந்தால் உறுதி, இளகினால் கோளாறு. பாய் முன்பக்கத்து இரண்டு குழாய்களிலும் கெட்டியான ஆயிலைக் கம்பெனி சொன்ன அளவுக்கு மேலேயே ஊற்றினார். ஸ்பிரிங்குக்கு மேல் பைப் துண்டுகளை வெட்டிச் சொருகி மூடியை முறுக்கினார். ஹேண்டில்பாரைத் தன் முழு பலத்தோடு அமுக்கிக் காட்டினார். அசையவில்லை. "பாருங்க, பாறை மாரி நிக்கிது. மாஷா அல்லாஹ்" என்றார். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

"சரிங்க பாய், நல்லாத்தான் தெரியுது. ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்" என்றார் அக்கா. போகும் முன் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒன்றை வாங்கி, ஷாக்கப்சரின் வெள்ளிக் குழாயைச் சுற்றி அடியில் கட்டிக்கொண்டார். வண்டி அமுங்கும்போது டேக் மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும், எவ்வளவு அமுங்கியதென்று போய்ச் சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம். அதைச் செல்போனில் யாரோ ஒரு பையன் வண்டி ரிப்பேர் செய்கிற வீடியோவில் பார்த்தாராம். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதென்று சொல்லிக்கொண்டே அவர் அந்த வாரம் முழுக்க அதே வீடியோக்களைப் பார்த்தது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பாறை மேல் உட்கார்ந்துகொண்டு பாறை மேலேயே போன மாதிரி இருந்தது. முன்பு பெரிய குழி மட்டும்தான் அடித்தது. இப்போது சின்னக் கல், லாரியிலிருந்து சிந்திய ஜல்லி, ஒட்டுப் போட்ட தாரின் விளிம்பு எல்லாம் அடித்தன. என் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி அக்கா குனிந்து பார்த்தார். டேக் இருந்த இடத்தை விட்டு விரல் அளவுதான் ஏறியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "கையக் குடு" என்றார். என் மணிக்கட்டில் இடது கை விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மாட்டுக்குள் தேடுகிற அதிர்வை என் நாடியில் தேடினார். உள்ளே போகிற பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"ஒனக்கு நாடி இல்ல டீச்சரு" என்றார்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. காலையில் பள்ளிக்கூட வாசலில் நான் செத்துவிட்டதாகத் தீர்ப்பாகும், பிறகு உள்ளே போய் முதல் பீரியடு எடுப்பேன். டீச்சருக்கு ஏதோ பெரிய வியாதி, தினமும் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்று என் வகுப்பில் பேச்சு. ஒரு பெண் எனக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டு விபூதிகூடக் கொண்டுவந்தாள். வாங்கிப் பூசிக்கொண்டேன், வேறென்ன செய்வது?

அதிகமாக ஊற்றிய ஆயில் ரொம்ப நாள் உள்ளே இருக்கவில்லை. ஒரு காலை எங்களுக்கு முன்னால் போன டிப்பர் திடீரென்று வேகம் குறைக்க, அக்கா முன் பிரேக்கைப் பிடித்தார். பிடித்த மாதிரியே இல்லை. பின் பிரேக்கை மிதித்து, ரோட்டை விட்டு இறக்கி, மண்ணில் சறுக்கி, கருவேலம் புதருக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. நான் புதருக்குள் நின்றேன். அக்கா முதலில் நைட்ரஜன் கேனைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் என்னை. அந்த வரிசையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு முன் சக்கரத்து பிரேக் டிஸ்க்கைத் தொட்டு விரலை மோந்தார். ஷாக்கப்சரின் சீல் பிய்ந்து ஆயில் வடிந்து டிஸ்க் முழுக்க ஓடியிருந்தது.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கத்தினேன். "போதுங்கா! கைக்காகப் பாத்து உசுர வுடப் போறீங்க. ஆபீஸ்ல உக்காந்தா என்ன கொறஞ்சு போயிடும்?" அக்கா என் துப்பட்டாவிலிருந்த முள்ளை எடுத்தார். கடைசி முள்ளை எடுத்துவிட்டு, "நாளைலேருந்து நீ பஸ்ல போ. ஒன்ன வெச்சுக்கிட்டு நான் சோதன பண்ணக் கூடாது" என்றார். அதில் கோபமோ கிண்டலோ இல்லை. தான் நிறுத்தப் போவதில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். ஒரு வாரம் பஸ்ஸில் போனேன். நாடி பார்க்க ஆளில்லாமல் அவர் என்ன செய்வார் என்கிற நினைப்பு அரித்துக்கொண்டே இருந்ததால் எட்டாம் நாள் நானே போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

சீல் பிய்ந்ததற்குப் பாயிடம் சண்டைக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். பாயும் எதிர்பார்த்திருக்க வேண்டும், எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. "பாய், நீங்க மூட்டைக்கு வேல செஞ்சிட்டீங்க. எங்கைக்குச் செய்யிங்க" என்றார்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "கைக்குன்னா எளகணும்மா. ஆனா எளகுனா பெரிய குழில போயி முட்டும். நீங்க ரெண்டையும் கேக்கறீங்க."

"ஆமா, ரெண்டையும்தான் கேக்கறேன். மாட்டுக்குள்ள கை வுடறப்ப மாடு மொதல்ல எடம் குடுக்கும், உள்ள போகப் போகப் புடிக்கும். அந்த மாரி ஒரு ஸ்பிரிங்கு இல்லியா?"

பாய் முகம் சிவந்து வேறு பக்கம் பார்த்தார். ஆனால் இருந்தது. ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங். சின்னக் கல்லுக்கு இளகிக் கொடுக்கும், பெரிய குழியில் அமுங்க அமுங்க இறுகும். பந்தயம் விடுகிற பையன்கள் கோயம்புத்தூரிலிருந்து வரவழைப்பார்களாம். "அந்தப் பசங்களுக்கு அது வெளாட்டும்மா" என்று பாய் தயங்கினார். "எனக்கு வெளாட்டு இல்ல பாய், வரவழைங்க" என்றார் அக்கா.

ஸ்பிரிங் வந்தது. புது சீல், புது புஷ், இளக்கமான ஆயில். இந்த முறை பாய் தன் இஷ்டத்துக்கு ஊற்ற அக்கா விடவில்லை. ஆயில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் கூடினால் இறுகும், குறைந்தால் முட்டும். அதற்காகக் கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டுகிற பெரிய சிரிஞ்ச் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தார். அதன் முனையில் மெல்லிய குழாயை மாட்டி, ஸ்கேலில் அளந்த ஆழத்துக்கு இறக்கி, அதற்கு மேல் நின்ற ஆயிலை உறிஞ்சி எடுத்தார்கள். இரண்டு குழாயிலும் ஒரே மட்டம். பாய்க்கு அந்த சிரிஞ்ச் மிகவும் பிடித்துப் போய்விட்டது. "இத எங்கிட்டயே வுட்டுட்டுப் போங்கம்மா" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். முதல் நாள் டேக் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது, எனக்கு நாடி இல்லை. ஆயில் மட்டத்தை ஏற்றினார்கள். முட்டவில்லை, ஆனால் ஒட்டுத் தாரில் விரல் மரத்தது, நாடி இல்லை. கொஞ்சம் இறக்கினார்கள். ஸ்பிரிங்குக்கு மேலிருந்த துண்டைப் பாய் அரம் வைத்து ராவிக் குட்டையாக்கினார். டயர் காற்றைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே ரோடு, அதே வேகம், பின்னால் அதே நான். "சாப்பிட்டுட்டு வந்தியா? நேத்து மாரியே சாப்பிடு, வெயிட்டு மாறக் கூடாது" என்பார். ஒரு கட்டத்தில் பாயே சலித்துப் போய், "போதும்மா, இதுக்கு மேல அந்த ரோட்டத்தான் மாத்தணும்" என்றார். "ரோடு என் கைல இல்ல. இது இருக்கு" என்றார் அக்கா. பாய் மறுபடியும் ஸ்பேனரை எடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூட வாசலில் டேக்கைப் பார்த்தார். முக்கால் பங்கு ஏறி நின்றிருந்தது. என் கையைப் பிடித்தார். வழக்கத்தை விட நேரமானது. மணி அடித்துவிட்டது. "அக்கா, பிரேயர் ஆரம்பிச்சிடும்" என்றேன்.

"சும்மா இரு, ஓடுது" என்றார்.

"என்ன ஓடுது?"

"நீ உசுரோடதான் இருக்கற டீச்சரு."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்த்தார். வாரம் முழுக்க எனக்கு நாடி இருந்தது. பிறகு பால்காரர்கள் வண்டியில் இருக்கிற மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் உறைகளைக் குழாய்களுக்கு மாட்டச் சொன்னார், கல் தூசி படிந்து சீலின் ரப்பரை அறுக்காமல் இருக்க. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. "மனுசிக்கு மணிக்கட்டுல நாடி பாக்கறது வேற, மாடு வேற" என்றார். சினை என்று நன்றாகத் தெரிந்த மாடுகளைத் தேடிப் போய், சொந்தக்காரர்களிடம் அனுமதி கேட்டு, கையை விட்டுப் பழகினார். காலி என்று தெரிந்த மாடுகளையும் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரிகிறது என்று உறுதியான பிறகுதான், "வா, ஒரு வூட்டுக்குப் போவணும்" என்று என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை, எனக்கு விடுமுறை.

அதற்கப்புறம் அக்காவுக்குத் தெற்கே எங்கோ மாற்றல் வந்தது, எனக்குக் கல்யாணமாகி நான் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். போன் நம்பர்கள் மாறிப் போயின. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சனிக்கிழமைதான். செவலைப் பசு பின்னால் கிடேரிக் கன்று போட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். விஷயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது.

நாங்கள் போனபோது அந்த விக்கிரமங்கலம் பக்கத்து அம்மாவின் கொட்டகையில் வேறொருவர் இருந்தார். தனியாக ஊசி போடுகிறவர். பசு காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறதென்று அந்த அம்மா அவரைக் கூப்பிட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அவர் போட்ட ஊசிதான், நிற்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் போட வந்திருந்தார். டம்ளரில் வெந்நீர் ஊற்றி வைத்திருந்தார், உறைந்த குச்சியை அதில் இளக்குவதற்காக.

"கையை வுட்டுப் பாத்தீங்களா?" என்றார் அக்கா.

"பாத்துட்டேன் மேடம். காலிதான்."

அக்கா அந்த அம்மாவிடம் திரும்பினார். "நான் ஒருக்காப் பாக்கலாங்களா?"

 பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "ஒரு தடவ நம்பிப் பட்டாச்சும்மா" என்றார் மெதுவாக.

"தெரியுங்க. அதனாலதான் மொதல்ல இங்க வந்தேன். நான் சொல்றது தப்பாப் போச்சுன்னா இனிமே எந்த மாட்டையும் தொட மாட்டேன்."

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நெய்வேலிக்காரரிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார், ஆபீஸ் நாற்காலிக்கு மனு எழுதுகிறேன் என்று.  அந்த அம்மா கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, வாளியைக் காலால் நகர்த்தி வழிவிட்டார்.

அக்கா உறையை மாட்டிக்கொண்டார். கை முழங்கைக்கு மேல் உள்ளே போனது. முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினார். பசு ஒரு தரம் கத்தி அடங்கியது. ஊசிக்காரர் டம்ளரில் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அக்காவின் புருவம் முடிச்சுப் போட்டுக்கொண்டது, பிறகு அவிழ்ந்தது, மறுபடியும் முடிச்சுப் போட்டது. தப்பாகச் சொல்லிவிடாதே அக்கா, தெரியவில்லை என்றாவது சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"இருக்கு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "மூணு மாசம் தாண்டிடுச்சு. கொழாயில ஓடுது, நல்லா ஓடுது. ஊசி போட்டுறாதீங்க."

ஊசிக்காரர் தன் உறையை மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா நகர்ந்துகொண்டார். அவர் இந்த முறை நிதானமாகப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு, "ஆமா மேடம்" என்று சொல்லி டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அந்த அம்மா கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரா, அழப் போனாரா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.

சோப்பும் ஒரு சொம்பு வெந்நீரும் எடுத்து வந்தார். ஊற்றுவார் என்று அக்கா கையை நீட்ட, அவர் சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொண்டார். நான் ஊற்ற ஊற்ற ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினார். மணிக்கட்டில் ஆபரேஷன் தழும்பு வந்ததும் அவர் கை நின்றது. முந்தானையால் அந்த இடத்தை ஒற்றி எடுத்தார்.

"இன்னும் வலிக்கிதாம்மா?"

"வலிக்குதுங்க" என்றார் அக்கா. "ஆனா வெரலுக்குத் தெரியுது."